கந்தையரின் கை

யதுசா போன கிழமை இணுவிலில் என் வீட்டுக்கு வந்தாள். தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை வந்த காரியத்தைச் சொல்லவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அன்ரி, எங்கடை குறும்பட விழாவுக்கு ஒரு மலர் போடுறம். நீங்கள் ஒரு கட்டுரை எழுதித் தரவேணும்" என்றாள்.

"நான் எழுதுற ஆள் இல்லைப் பிள்ளை. மற்ற ஆக்கள் எடுத்த படத்தை வெட்டுற ஆள்."

"அப்ப எழுதிப்போட்டு வெட்டுங்கோ."

வாய்க்காரி. என்னோடு வேலை செய்த காலத்திலும் இப்படித்தான். இப்போது அவள் சொந்தமாக ஒரு ஸ்டூடியோ நடத்துகிறாள். நான் படத்தொகுப்பு வேலையிலிருந்து ஓய்வெடுத்து, கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வீட்டில் இருக்கிறேன். அவளிடம் வேலை பழகுகிறவர்கள் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு மண்டையை உடைக்கிறார்களாம். முகத்தைக் கணினி செய்கிறது, குரலைக் கணினி செய்கிறது, செத்தவரை எழுப்பி நடிக்கவைக்கிறது, கிழவரைக் குமரனாக்குகிறது. அப்படியென்றால் இனி நடிகர் எதற்கு? "நீங்கள் கசெற் காலத்திலையிருந்து பாத்தனீங்கள். உங்களுக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கும்தானே" என்றாள்.

எனக்கு அபிப்பிராயம் இல்லாத விசயம் உலகத்தில் குறைவு. வீட்டிலும் அதைச் சொல்லித்தான் ஏசுவார்கள். ஆனால் அவள் இதைக் கேட்டதும் எனக்கு நினைவு வந்தது சவரி அண்ணையின் கை. யதுசாவுக்கு அந்தக் கதை தெரியும், அவளும் அதில் இருந்தவள். அவளிடம் பழகுகிற பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் என் தொழிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணப் பட்டினத்தில் குலம் அண்ணை வைத்திருந்த வீடியோ ஸ்டூடியோவுக்கு நான் போனது கசெற்றுகளில் பெயர் எழுதுவதற்கு. என் கையெழுத்து வடிவாக இருக்கும். சண்டைக் காலம், இங்கே மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் ஒன்று பின்வளவில் கிடந்து இருமும். அது இருமி ஓய்வதற்குள் வேலையை முடிக்கவேண்டும். இரண்டு டெக்கை வைத்து, ஒன்றில் ஓட்டி மற்றதில் பதிந்து, நாள் முழுக்க நடந்த கலியாணத்தைச் சுருக்குவதுதான் அப்போதைய எடிற்றிங். நான் பெயர் எழுதியபடி பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒருநாள் வெட்டுகிறவர் கொழும்புக்குப் போனார், திரும்பி வரவில்லை. "பவளம், நீ இரு" என்றார் குலம் அண்ணை. இருந்துவிட்டேன். என் படிப்பு அவ்வளவுதான்.

குலம் அண்ணை பெரிய உடம்பு, சின்னக் குரல். கலியாணம் எடுத்தாலும் நாடகம் எடுத்தாலும் பின்னாளில் படம் எடுத்தாலும் "கட்" என்று ஒருநாளும் கத்தமாட்டார். "காணும்" என்பார். பந்தியில் போதும் என்று இலைக்கு முன்னால் சொல்வதுபோல, மெல்ல. யாரையும் நன்றாகச் செய்தாய் என்று புகழவும் மாட்டார். நான் வெட்டியதைப் போட்டுக் காட்டும்போது பக்கத்தில் ஒரு பை கச்சான் கடலையோடு வந்து இருப்பார். கண்ணாடியைக் கழற்றிச் சேட்டு நுனியில் துடைத்தால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். துடைக்காமல் கச்சான் உடைத்துக்கொண்டே இருந்தால் திரும்ப வெட்டவேண்டும். என் தொழிலின் முதற் பத்து வருசமும் நிலத்தில் கிடந்த கச்சான் கோதைக் கூட்டி அள்ளித்தான் போனது.

அவரிடம் ஆட்களைக் கையாளும் வித்தை ஒன்று இருந்தது. ஒருமுறை சாவகச்சேரிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மகளின் கலியாணக் கசெற்றை மேசையில் வைத்து, "இதிலை நிக்கிற என்ரை தம்பியை எடுத்துவிடுங்கோ" என்றார். காணிப் பிரச்சினையாம். தம்பியோ பெண்ணுக்குத் தாய்மாமன், தாலி கட்டும் இடத்தில் நடுநாயகமாக நிற்கிறார். இன்றைக்கு என்றால் யதுசா ஒரு பின்னேரத்தில் அவரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வாழைக்குலையைத் தூக்கிவிடுவாள். அன்றைக்கு அவரை வெட்டினால் தாலியும் சேர்ந்து போய்விடும். ஏலாது என்று சொல்ல நான் வாயெடுக்க, குலம் அண்ணை முந்திக்கொண்டார். "செய்யலாம் அம்மா. நுணுக்கமான வேலை. ரெண்டு மாசம் கழிச்சு வாங்கோ."

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தார். உள்ளே வரும்போதே, "வெட்டிப்போட்டியளோ?" என்று பயந்துபோய்க் கேட்டார். "இனித்தான் தொடங்கவேணும்" என்றார் குலம் அண்ணை. தம்பிக்காரர் இருந்து கசெற் முழுவதையும் பார்த்துவிட்டு, தான் நல்ல வடிவாக நிற்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு கணினி வந்தது. அந்தக் காலத்தில் எல்லாம் தங்கம் என்று கிழடுகள் சொல்வதைக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் வரக்கூடாது. மோட்டார் இருமலுக்குப் பக்கத்தில் இருந்து வேலை செய்தவளுக்குத்தான் கணினியின் அருமை தெரியும். வெட்டியதைத் திரும்ப ஒட்டலாம், பிழைத்தால் பழையபடி வைக்கலாம் என்று தெரிந்த நாளில் நான் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன்.

நடிக்கிறவர்களிடம்தான் ஒரு மாற்றம் கண்டேன். முன்னர் கசெற்றை மிச்சம் பிடிக்கவேண்டும் என்று குலம் அண்ணை பலமுறை பழக்கி, ஒன்றிரண்டு தரம்தான் எடுப்பார். இப்போது அலுக்கும்வரை எடுக்கலாம். பெடியள் ஒவ்வொரு முறையும் ஓடிவந்து திரையில் தங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு அடுத்தமுறை அதே முகத்தைத் திரும்பச் செய்யப் போவார்கள். அது வராது. நடிக்க ஆள் தெரிவுசெய்வதும் போனில்தான். நெல்லியடியிலிருந்து ஒரு பெடியன் நடித்துக் காட்டி அனுப்பிய வீடியோவைப் பார்த்து, உடனே வரச்சொன்னோம். வாசலில் வந்து நின்றவனைப் பார்த்துக் குலம் அண்ணை, "ஆரைத் தேடுறியள் தம்பி?" என்றார். போன் அவ்வளவு வெளுக்கவைத்திருந்தது.

இந்தக் காலத்தில்தான் கனடாவில் இருக்கும் ஒருவர் காசு போட, குலம் அண்ணை ஒரு முழுநீளப் படம் எடுத்தார். கதைநாயகர் கந்தையர், தென்மராட்சியில் வயலும் தோட்டமும் செய்கிற ஒரு சைவக் கமக்காரர். அதற்கு அவர் கூட்டிவந்தது குருநகர்ச் சவரி அண்ணையை. சவரி அண்ணை கடற்றொழில் செய்கிற கத்தோலிக்கர். கோயில் திருநாளுக்குக் கூத்து ஆடினால் ராசா வேசம் அவருக்குத்தான். "ராசா உடுப்பைக் கழட்டினால் இந்த மனிசன் அசல் கமக்காரன்" என்பது குலம் அண்ணையின் கணக்கு. எனக்கு நம்பிக்கை இல்லை. வேதக்கார மனிசன் திருநீறு பூசுவதே ஒட்டாது என்றேன். சவரி அண்ணை என்னிடமே வந்து, "மூண்டு விரலோ தங்கச்சி, இப்பிடியோ?" என்று கேட்டுக் கேட்டுப் பழகினார். கொஞ்ச நாளில் படப்பிடிப்பு நடந்த வளவின் அயலவர்கள் அவரிடம் வெங்காயத்துக்கு மருந்து கேட்க வந்துவிட்டார்கள்.

முதல்நாள் மட்டும் தொல்லைப்பட்டோம். அவர் வாயைத் திறக்க, ஒலி பதிகிற பெடியன் காதில் இருந்ததைக் கழற்றி எறிந்தான். திருவிழாச் சனம் முழுவதற்கும் கேட்கிறமாதிரித்தான் அவருக்குக் கதைக்க வரும். குலம் அண்ணை அவரைக் கூட்டிக்கொண்டு போய் வேலியோரம் இருந்தார். கொஞ்சநேரம் கச்சான் தின்றார்கள். பிறகு கேட்டார்.

"சவரி அண்ணை, வலை போட்டுக் காத்திருக்கேக்கை பாட்டுப் பாடுவியளோ?"

"பாடுறதோ? மீனெல்லோ ஓடிடும்."

"இஞ்சையும் மீன்தான் பிடிக்கிறம்."

சவரி அண்ணை சிரித்தார். அதற்குப் பிறகு அவருக்கு ஒன்றும் சொல்லவேண்டி வரவில்லை.

அந்தப் படத்தின் உயிர் ஒரு காட்சியில் இருந்தது. கந்தையரின் ஒரே மகன் கனடாவில் இறந்துபோகிறான். தகப்பனுக்குப் போக வழியில்லை. செத்தவீட்டை நேரடியாகப் போனில் காட்டுகிறார்கள். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் பழகிப்போன விசயம். முற்றத்தில் ஒரு கதிரை, கதிரையில் ஒரு செம்பு, செம்பில் சாய்த்துவைத்த போன். முன்னால் பாயில் கந்தையர், பின்னால் அயலட்டைச் சனம். போனில் பெட்டியை மூடுகிறார்கள். அவ்வளவுதான், வசனம் கிடையாது.

கனடாப் பகுதியை அங்குள்ளவர்கள் பிறகுதான் எடுத்து அனுப்புவார்கள். அதனால் எங்கள் போனில் படம் இல்லை. யதுசா போன் முகத்தை முழுப் பச்சையாக்கி, நாலு மூலையிலும் கறுப்பில் சின்னச் சின்னப் பிளஸ் அடையாளம் போட்டு வைத்தாள். பிறகு படத்தைக் கொண்டுவந்து அந்தப் பச்சையில் பொருத்துவதற்கு அவைதான் பிடிமானம். மகன் கிடக்கவேண்டிய இடத்தில் உள்ளங்கை அளவு பச்சை. அதைப் பார்த்துச் சவரி அண்ணை நடிக்கவேண்டும். கூத்தில் எதிரே ஊரே இருக்கும், பாட்டுக்குப் பாட்டு முகம் தெரியும். இங்கே என்ன செய்யப்போகிறாரோ என்று நான் கிட்டப் போய் நின்றேன்.

குலம் அண்ணை கமராவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, சின்னக் குரலில் சொல்லிக்கொண்டு வந்தார். "ஆக்கள் பெட்டியைச் சுத்தி வருகினம் அண்ணை... மருமகள் பெட்டியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா... விலத்துகினம்... இப்ப மூடப் போயினம்."

சவரி அண்ணை பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்தார், அவ்வளவுதான். அந்தப் பச்சையில் அவர் யாரையோ கண்டுவிட்டார் என்பது நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. வேலையிடத்தில் அழுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அன்றைக்கு நானே அழுதேன். குலம் அண்ணை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்ததில் "காணும்" சொல்லவும் நேரமாகிவிட்டது.

அடுத்தநாள் மேசையில் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெட்டி மூடுகிற இடத்தில் சவரி அண்ணையின் வலதுகை எழும்புகிறது. நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். பிறகு விரல் நுனியை உதட்டில் ஒற்றுகிறார். நெற்றியில் மூன்று குறித் திருநீறு, அதன் நடுவில் விரல் பட்டுக் கீழே இழுபட்டிருந்தது. சைவக் கமக்காரர் கந்தையர் தன் மகனுக்குச் சிலுவை போட்டிருந்தார். பின்னால் அயலவராக நின்ற மேரி அக்கா, சவரி அண்ணையின் மனைவி, அவரும் போட்டிருந்தார். அங்கே நின்ற அத்தனை பேரில் ஒருவருக்கும் தட்டுப்படவில்லை. பாதிப்பேர் குருநகர் ஆட்கள், அவர்களுக்கு அது மூச்சு விடுகிறமாதிரி. மீதிப்பேர் அழுதுகொண்டு நின்றோம்.

குலம் அண்ணை வந்து திரும்பத் திரும்பப் பார்த்தார். கச்சான் பை பிரிக்காமலே கிடந்தது. "திருப்பி எடுப்பம்" என்றார்.

திருப்பி எடுத்தோம். "பெரிய பிழை விட்டிட்டன் தம்பி" என்று சவரி அண்ணை எல்லோரிடமும் போய்ப் போய்ச் சொன்னார். எத்தனையோ முறை எடுத்தோம். ஒன்றில் கையைக் கூப்பினார், ஒன்றில் முழங்காலில் வைத்திருந்தார். எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் ஒன்றும் இல்லை. அவர் பச்சையைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தன் கையைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

கனடாவிலிருந்து காசு போட்டவர் போனில் வந்தார். "ஏன் உந்தக் கரைச்சல்? முதல் எடுத்ததையே வைச்சு, கையைக் கம்பியூட்டரிலை மாத்துங்கோ. முகத்தையே மாத்துறாங்கள்" என்றார். ஒலி பதிகிற பெடியன், கந்தையரை வேதக்காரராக்கிவிட்டால் என்ன என்று கேட்டான். "படம் முழுக்கப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்ச மனிசனுக்குக் கடைசியிலை ஞானஸ்நானம் குடுக்கச் சொல்லுறியோ?" என்று குலம் அண்ணை கேட்க, அவன் போய்விட்டான்.

யதுசா கணினியைக் கொண்டு ஒரு கை செய்து காட்டினாள். சிலுவை போன கையை எடுத்துவிட்டு, மடியில் கிடக்கிற ஒரு கை. கெட்டிக்காரி, பொருத்து எங்கே என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் அவள் முகத்தில் திருப்தி இல்லை. "கை மாதிரித்தான் இருக்கு அன்ரி. ஆரின்ரை கை எண்டுதான் தெரியேல்லை" என்றாள். அதோடு இன்னொரு கவலையும் அவளுக்கு இருந்தது. தான் போட்ட பிளஸ் அடையாளங்களைக் கண்டுதான் சவரி அண்ணைக்குச் சிலுவை நினைவு வந்ததோ என்று.

எதைச் செய்தாலும் அவரைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று நான் பிடியாக நின்றேன். அது அவருடைய உடம்பு. அவருக்குத் தெரியாமல் கையை வெட்டி எடுத்துவிட்டு, தியேட்டரில் இருந்து பார் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. குலம் அண்ணைக்கும் அதுதான் மனம். ஆனால் போகப் பயம். "உங்கடை சிலுவையை அழிக்கப் போறம் எண்டு அந்த மனிசனிட்டை நான் எப்பிடிச் சொல்லுறது? நீ போ பவளம். உன்னோடை கோவிக்கமாட்டார்."

குருநகருக்குப் போனேன். மேரி அக்கா தேத்தண்ணி தந்தார். நான் கொண்டுபோன பெரிய போனில் அந்தக் காட்சியைப் போட்டு, சவரி அண்ணையிடம் கொடுத்தேன். அவர் அதைக் கை நீட்டின தூரத்தில் பிடித்துப் பார்த்தார். முடிந்ததும், "இன்னொருக்கா" என்றார். பிறகும் "இன்னொருக்கா" என்றார். மேரி அக்கா ஒருமுறைதான் பார்த்தார், யன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

அப்படியே நின்று மேரி அக்காதான் கதைத்தார். "இவரின்ரை தங்கச்சி திரேசா பிரான்சிலை மோசம் போனவ, போன வரியம். செத்தவீட்டுக்குப் போக ஏலேல்லை. இஞ்சை இந்தக் கதிரையிலைதான் போனை வைச்சுப் பாத்தனாங்கள். பெட்டி மூடப்போற நேரம் பாத்துப் படம் நிண்டு போச்சு. வட்டம் சுத்திக்கொண்டு கிடந்தது. பேந்து படம் வரேக்கை பெட்டியடியிலை ஒருத்தரும் இல்லை, கதிரையளை அடுக்கிக்கொண்டு நிக்கினம். இவர் தூக்கின கையோடை அப்பிடியே இருந்தவர்."

"அண்டைக்குத் தூக்கின கைதான் தங்கச்சி இது" என்றார் சவரி அண்ணை. "அந்தப் பச்சையிலை எனக்கு அவதான் தெரிஞ்சவ. பிளஸ்ஸுகள் ஒண்டும் தெரியேல்லை. அந்தப் பிள்ளையைக் கவலைப்படவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

வந்த வழியே திரும்பிப் போய்விடலாம் என்று இருந்தது எனக்கு. தன் தங்கைக்குப் போட முடியாமல் போன சிலுவையை அந்த மனிசன் இங்கே வந்து போட்டிருக்கிறார், அதைத்தான் நான் அழிக்கக் கேட்கவேண்டும். அவரே கேட்டார்.

"என்ன, அழிக்கப் போறியளோ?"

"நீங்கள் ஓம் எண்டால்தான் அண்ணை. இல்லையெண்டால் குலம் அண்ணை அந்தக் காட்சியையே விடுவார்."

அவர் யோசித்தார். "அழிக்கத்தானே வேணும். உது திரேசாவுக்குப் போட்டது. கந்தையரின்ரை மோனுக்கு ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை. அந்தப் பிள்ளை சும்மா போகுது. அது பிழைதானே?"

நான் யதுசா செய்த கையைக் காட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உந்தக் கை மண்வெட்டி பிடிச்சதோ? சோப் விளம்பரத்திலை வாற கையெல்லோ. வேண்டாம். கை நான் தாறன்." பிறகு கேட்டார்: "உங்கடை ஆக்கள் அந்த நேரம் என்ன செய்வினம்?"

"வாய்க்கரிசி போடுவம்."

"தேப்பன் மோனுக்கோ?"

"மோன்தான் தேப்பனுக்குப் போடவேணும். மாறி வந்தால், என்ன செய்யிறது, போடத்தான் வேணும்."

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தபடி இருந்தார்.

அவர் கை தர வந்த நாளைப் பழகுகிற பிள்ளைகளுக்குக் கொஞ்சம் விவரமாகச் சொல்லவேண்டும். ஸ்டூடியோவில் பச்சைத் துணி கட்டினோம். அதே வேட்டி, தோளில் அதே துவாய், அதே பாய், கதிரை, செம்பு, போன். வெளிச்சத்தை அன்றைய வெயிலின் சாய்வுக்கு வைத்தோம். அவருக்கு எதிரே ஒரு திரை. அதில் அவருடைய முகம், முதல் எடுத்த காட்சியில் நடித்த முகம். நெற்றியில் விரல் மறைத்த இடத்தை யதுசா முன்பின் படங்களிலிருந்து எடுத்து நிரப்பியிருந்தாள். திருநீறு இழுபட்டதை மட்டும் திருத்தவேண்டாம் என்று குலம் அண்ணை சொல்லிவிட்டார், அழுத மனிசனின் நெற்றி அப்படித்தான் இருக்கும் என்று. முகம் அப்படியே இருக்கும். அதற்குப் பொருந்த இப்போது கை மட்டும் நடிக்கவேண்டும்.

கரைச்சல் எங்கே என்றால் தோளில். சிலுவை போடக் கை எழும்பியபோது தோளும் எழும்பியது. கையை எடுத்தாலும் தோள் எழும்பத்தான் செய்யும். புதுக் கை அதே கணத்தில் எழும்பாவிட்டால் பேய் பிடித்தமாதிரி இருக்கும். உதடும் அப்படி. விரலை முத்தமிடக் குவிந்த உதடு, இப்போது விரல் இல்லாமல் குவியும். சவரி அண்ணை முயன்றார். ஒருமுறை முந்தினார், ஒருமுறை பிந்தினார். தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நடிப்பது அவருக்குக் கூச்சமாகவும் இருந்தது. "உந்தாள் ஆரெண்டே தெரியேல்லை" என்றார்.

பிறகு என்னைப் பார்த்து, "தங்கச்சி, எனக்குத் தாளத்திலை தாருங்கோ. கண்ணாலை பாத்துப் பிடிக்க ஏலாது, காதாலை எண்டால் பிடிப்பன்" என்றார்.

அந்தக் காட்சியை அதற்குள் நான் எத்தனை தரம் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. முகம் மூச்சு எடுக்கும் இடம், விடும் இடம், தோள் எழும்பும் இடம் எல்லாம் எனக்கு மனப்பாடம். மேசையில் விரலால் தட்டினேன். திரையை மூடச் சொன்னார். கண்ணையும் மூடி, நான் தட்டுவதைத் தலையசைத்துக் கேட்டார். கூத்துக்காரர், ஒருமுறை கேட்டதும் பிடித்துக்கொண்டார்.

அடுத்தமுறை தோள் எழும்பவேண்டிய தட்டில் கை எழும்பியது. விரல்கள் குவிந்து எதையோ அள்ளின. அள்ளியதைச் சிந்தாமல் போனுக்குக் கொண்டுபோனார். கண்ணாடிக்கு மேலே கை கொஞ்சம் தயங்கியது, பிறகு விரல்கள் விரிந்தன. அரிசி இல்லை, ஆனாலும் போன் முகத்தில் கொட்டுண்ட சத்தம் எனக்குக் கேட்டது. யதுசா முகத்தையும் கையையும் சேர்த்துப் போட்டாள். கை விரிந்தபிறகு உதடு குவிகிறது. சின்ன வயதில் தொட்டிலில் கிடந்த மகனைக் கொஞ்சுகிற உதடு.

குலம் அண்ணை எழும்பிப் போய்ச் சவரி அண்ணையின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரை அப்படி நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

இதில் எது நடிப்பு, எது கணினி என்று பிரிக்கச் சொன்னால் எனக்குத் தெரியாது. முகம் ஒருநாள் நடித்தது, கை இன்னொருநாள் நடித்தது, நெற்றி யதுசா நிரப்பியது. பின்னால் நின்ற மேரி அக்காவின் சிலுவையை நான் சட்டகத்தைக் கிட்டக் கொண்டுவந்து வெளியே தள்ளினேன். பார்த்த சனம் கந்தையரைத்தான் பார்த்தது. செத்தவீட்டில் அழுகிறமாதிரித் தியேட்டரில் அழுதது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கை எடுத்த அன்றைக்கே, திருநீற்றைக் கழுவித் துடைத்துக்கொண்டு நின்ற சவரி அண்ணை என்னிடம் மெல்லக் கேட்டார்.

"அந்த மற்றதை எறிஞ்சு போட்டியளோ?"

"இல்லை அண்ணை. கிடக்கு."

"எறியாதேங்கோ. அது திரேசாவின்ரை." பிறகு தயங்கி, "ஏலுமெண்டால் என்ரை போனுக்கு அனுப்பிவிடுங்கோ. அவவின்ரை மகளுக்கு, என்ரை மருமகளுக்குக் காட்டலாம், தாய்க்கு மாமா சிலுவை போட்டவர் எண்டு. பச்சை தெரிஞ்சாலும் பரவாயில்லை."

படம் வெளிவருமுன் ஒரு துண்டும் வெளியே போகக்கூடாது என்பது சட்டம். குலம் அண்ணையைக் கேட்டேன். "அது எங்கடை படத்திலை இல்லாத துண்டுதானே. அனுப்பு" என்றார்.

அனுப்ப எடுத்து வைத்தபோது யதுசா பின்னால் வந்து நின்றாள். "அன்ரி, அந்தப் போன் இன்னும் பச்சையாத்தானே இருக்கு" என்றாள்.

அவள் சொல்லவந்தது எனக்கு உடனே விளங்கியது. திரேசாவின் செத்தவீட்டன்று இங்கே சிக்னல் நின்றதே தவிர, பிரான்சில் கமரா நிற்கவில்லை. செத்தவீடு எடுத்தவர்கள் முழுவதையும் பதிந்துதான் வைத்திருப்பார்கள். சவரி அண்ணையைக் கேட்டோம். அவர் மேரி அக்காவைக் கேட்டார். மேரி அக்கா, "செய்யச் சொல்லுங்கோ" என்றார். பிரான்சிலிருந்து மருமகள் அந்தப் பதிவை அனுப்பிவைத்தாள்.

யதுசா அதைப் பச்சையில் பொருத்தினாள். எங்கே தொடங்குவது, எங்கே மூடுவது என்பது என் வேலை. பெட்டியின் மூடி இறங்குகிற இடமும் அவர் கை நெற்றிக்குப் போகிற இடமும் சேரவேண்டும். முன்னுக்குத் தள்ளிப் பார்த்தேன், பின்னுக்கு இழுத்துப் பார்த்தேன். என் கண் அப்போதே பழுது. அதுதான் நான் செய்த கடைசி வேலை, எந்தத் தியேட்டரிலும் அது ஓடவில்லை.

சவரி அண்ணையும் மேரி அக்காவும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகிற உடுப்போடு பார்க்க வந்தார்கள். கதிரை கொடுத்து இருத்தி, கணினியில் போட்டேன். முற்றம் தெரிந்தது, செம்பு தெரிந்தது, செம்பில் சாய்ந்த போனில் பிரான்சுக் கோயில் தெரிந்தது. திரேசாவின் முகம் தெரிந்தபோது மேரி அக்கா சவரி அண்ணையின் முழங்கையைப் பிடித்தார். ஆட்கள் விலகினார்கள். இந்தமுறை வட்டம் சுற்றவில்லை. மூடி மெதுவாக இறங்க, திரையில் இருந்த சவரி அண்ணையின் கை நெற்றிக்குப் போனது, நெஞ்சுக்குப் போனது, இரண்டு தோளுக்கும் போனது, உதட்டில் ஒற்றியது.

மேரி அக்கா சிலுவை போட்டார். யதுசா என்ன செய்வதென்று தெரியாமல் கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். நான் சவரி அண்ணையைப் பார்த்தேன். அவருடைய கைகள் இரண்டும் மடியில் கிடந்தன. எழும்பவில்லை.

"மூடியாச்சு" என்றார். பிறகு, "எழும்பு மேரி, வீட்டை போவம்" என்றார்.